விலையுயர்ந்த வாசனைத் திரவியங்கள்: உருவாக்கியவரின் பெயர் ஏன் இல்லை, நிறுவிய ஆண்டு ஏன் இருக்கிறது?

நாசிகை (இழையைத் தொடங்கியவர்)

விலையுயர்ந்த வாசனைத் திரவியக் குப்பியின் முகப்பில் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஓர் ஆண்டு இருக்கும். 1760, 1775, 1872 என்று அந்த ஆண்டு பின்னோக்கிப் போகப் போக மதிப்பும் கூடுகிறது. உள்ளே இருக்கும் திரவத்தைக் கலந்து, திருத்தி, மீண்டும் கலந்து முடிவான வடிவத்துக்குக் கொண்டுவந்தவரின் பெயர் மட்டும் குப்பியிலும் இராது, அட்டைப் பெட்டியிலும் இராது. இவ்விரண்டையும் வெவ்வேறு குறைகளாகவே இந்த இணையக் குழுமத்தில் பேசி வந்திருக்கிறோம். என் கருத்தில் இரண்டும் ஒரே ஏற்பாடுதான். ஆக்கியவரின் நாற்காலி காலியாக இருந்தால்தானே அதில் ஒரு குடும்பத்தையோ, அரசவையையோ, துறவி மடத்தையோ உட்கார வைக்க முடியும்?

புதிதாக வருபவர்களுக்காகத் தொழில் நடக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆடை நிறுவனங்களும் அழகுசாதன நிறுவனங்களும் பெரும்பாலும் வாசனையைத் தாமே உருவாக்குவதில்லை. ஜிவோடான், டிஎஸ்எம்-ஃபிர்மெனிக், ஐஎஃப்எஃப், சிம்ரைஸ் ஆகிய நான்கு பெரிய நிறுவனங்களுக்கோ, மான், ரொபெர்த்தே போன்றவற்றுக்கோ ‘பிரீஃப்’ எனப்படும் தேவைக் குறிப்பை அனுப்புகின்றன. அங்கே மாதச் சம்பளத்தில் இருக்கும், வாசனைக் கலவைகளை உருவாக்கும் பெர்ஃப்யூமர்கள் போட்டி போட்டு மாதிரிகளை அனுப்புகிறார்கள். வென்ற நிறுவனத்துக்கும் ஆக்கத்துக்கென்று தனிக் கட்டணம் கிடைப்பது அரிது; செறிவூட்டிய எண்ணெய்க் கலவையைக் கிலோக் கணக்கில் விற்றுத்தான் அது செலவை ஈடுகட்டுகிறது. கலவையின் ஃபார்முலாவும் அந்த நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது. ஆக, யாருடைய பெயரில் குப்பி விற்கிறதோ அவர்களிடம் ஃபார்முலா இல்லை. ஃபார்முலாவை எழுதியவருக்குக் குப்பியில் பெயர் இல்லை. தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் இதை அறிவார்கள். வாங்குபவருக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

இந்த ஏற்பாடு முழு வடிவம் பெற்ற இடம் கிரீட் என்ற வாசனை நிறுவனம். அந்த நிறுவனம் தன் தொடக்கத்தை 1760 என்கிறது. 1781இல் இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்காக ஒரு தோல் வாசனையை உருவாக்கியதாகவும், 1956இல் நடிகை கிரேஸ் கெல்லியின் திருமணத்துக்காக இன்னொன்றை உருவாக்கியதாகவும் அதன் விளம்பரங்கள் சொல்லி வந்திருக்கின்றன. தையற்கலையில் கிரீட் குடும்பத்துக்கு உண்மையான, ஆவணமுள்ள வரலாறு உண்டு; லண்டனிலும் பாரிஸிலும் அவர்கள் புகழ்பெற்ற தையல்காரர்கள், 20ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் கிரீட் பெயர் பெற்ற ஆடை வடிவமைப்பாளர். ஆனால் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அவர்கள் வாசனைத் திரவியம் விற்றதற்கான கணக்கேடோ, விளம்பரமோ, குப்பியோ பொதுவெளியில் முன்வைக்கப்பட்டதாக நான் பார்த்ததில்லை. நாம் அறிந்த வாசனை நிறுவனம் ஒலிவியே கிரீட் காலத்தில், 1970களிலிருந்து எழுந்தது. அதன் பின்னும் எல்லா ஆக்கங்களும் குடும்பத்தின் மூக்கிலிருந்தே வந்ததாகத்தான் கதை தொடர்ந்தது. 2023இல் கெரிங் குழுமம் இந்த நிறுவனத்தை 350 கோடி யூரோவுக்கு வாங்கியது. அந்தத் தொகையில் 1760 என்ற எண்ணின் பங்கு எவ்வளவு என்று யாராவது கணக்கிட்டால் மகிழ்வேன்.

பழங்குப்பி

நாசிகை அவர்களின் அடிப்படை வாதம் எனக்கு உடன்பாடே. ஆனால் எல்லாப் பழைய ஆண்டுகளையும் ஒரே கூடையில் போடுவது நியாயமாகாது. கெர்லான் என்ற வாசனை நிறுவனம் 1828இல் பாரிஸில் தொடங்கி, 1994இல் எல்விஎம்ஹெச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்தின் கைக்குப் போகும் வரை குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. 1889இன் ஜிக்கி எமே கெர்லானுடையது, 1925இன் ஷாலிமார் ஜாக் கெர்லானுடையது என்று ஆள் தெரியும், ஆண்டும் தெரியும். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஃபாரினா நிறுவனம் 1709இல் தொடங்கியது. அதன் வணிகக் கடிதங்களும் கணக்கேடுகளும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இவை மரபு என்ற சொல்லுக்குத் தகுதியானவை.

இரண்டாம் வகை, வாங்கிய மரபு. கிளைவ் கிறிஸ்டியன் 1999இல் கிரௌன் பெர்ஃப்யூமரி என்ற நலிந்துபோன ஆங்கிலேய நிறுவனத்தை வாங்கினார். அதன் 1872ஆம் ஆண்டும், குப்பி மூடியின் கிரீடமும் அவருடையவை ஆயின. பாரிஸில் 2014இல் தொடங்கிய ஒரு கடை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரில் இருந்த பூலி என்ற வாசனை வணிகரின் பெயரையும் 1803 என்ற ஆண்டையும் எடுத்துக்கொண்டது. 2021இல் எல்விஎம்ஹெச் அதை வாங்கியது. இவற்றில் சட்டப்படி பொய் எதுவும் இல்லை. பாழடைந்த வீட்டை வாங்கிப் புதிதாகக் கட்டியவர் பழைய பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்வதைப் போன்றது அது. பலகை உண்மைதான், அதில் பெயர் இருப்பவர்கள் அங்கே குடியிருக்கவில்லை.

மூன்றாம் வகை, புனைந்த மரபு. இது நம் காலத்து விளம்பர நிறுவனங்களின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் 4711 என்ற வாசனைத் திரவியத்தின் கதையைப் படிக்க வேண்டும். ஃபாரினாவின் ‘ஓ டி கொலோன்’ ஐரோப்பா முழுதும் புகழ்பெற்ற பிறகு, அதே நகரின் வில்ஹெல்ம் மூல்ஹென்ஸ் 1803இல் ஒரு வேலை செய்தார். அந்தக் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லாத, ஆனால் தற்செயலாக ஃபாரினா என்ற குடும்பப் பெயர் கொண்ட ஒருவரிடமிருந்து பெயரைப் பயன்படுத்தும் உரிமையை விலைக்கு வாங்கினார். வாங்கியதைத் தாம் பயன்படுத்தியதோடு நில்லாமல் பிறருக்கும் விற்றார். நகரில் திடீரென்று பல ‘ஃபாரினா’க்கள் முளைத்தார்கள். வழக்குகள் தலைமுறை தாண்டி நடந்து, இறுதியில் மூல்ஹென்ஸ் குடும்பம் அந்தப் பெயரைக் கைவிட நேர்ந்தது. அதன் பின்னரே, 1881இல், குளோக்கன்காஸ் தெருவில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தங்கள் வீட்டுக்கு இடப்பட்ட 4711 என்ற எண்ணையே பெயராக்கிக்கொண்டார்கள். இதற்கிடையில், 1792இல் ஒரு கார்த்தூசிய மடத்துத் துறவி திருமணப் பரிசாகச் செய்முறையைக் கொடுத்தார் என்ற கதையும் தொற்றிக்கொண்டது. துறவி கொடுத்த செய்முறை கையில் இருந்தவர் இன்னொருவரின் குடும்பப் பெயரை ஏன் விலைக்கு வாங்கினார் என்று அந்தக் கதையைச் சொல்பவர்கள் விளக்குவதில்லை.

ஆய்வகத்தான்

நான் பகுப்பாய்வுப் பக்கத்தைச் சேர்ந்தவன், அதனால் சில சொற்கள். ‘ஆக்கியவர்’ என்று ஒருமையில் பேசுவது வசதியாக இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் அது அவ்வளவு எளிதல்ல. இன்று பெரிய வெளியீடுகளில் இரண்டு, மூன்று பெர்ஃப்யூமர்கள் சேர்ந்து வேலை செய்வது வழக்கம். மாதிரிகளை முகர்ந்து திசை சொல்லும் மதிப்பீட்டாளர் ஒருவர் இருப்பார். ஒவ்வொரு திருத்தத்தையும் மில்லிகிராம் அளவில் நிறுத்துக் கலக்கும் உதவியாளர்கள் இருப்பார்கள்.

அவர்களுக்கும் முன்னால் வேதியியலாளர்கள் இருக்கிறார்கள். கடற்காற்றின் வாசனை என்று நாம் சொல்லும் கலோன், 1960களில் ஃபைசர் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் பிறந்தது. மல்லிகையின் காற்றோட்டமான பக்கத்தைத் தரும் ஹெடியோன் ஃபிர்மெனிக்குடையது; 1966இல் எட்மோன் ரூட்னிட்ஸ்கா என்ற பெர்ஃப்யூமர் அதை ‘ஓ சோவாஜ்’ கலவையில் பயன்படுத்திய பின்னரே உலகம் அதைக் கவனித்தது. ஐசோ ஈ சூப்பர் என்ற மூலக்கூறு 1970களில் ஐஎஃப்எஃப் ஆய்வகத்திலிருந்து வந்தது. 2006இல் வெளியான ‘மாலிக்யூல் 01’ என்ற திரவியத்தில் வாசனைப் பொருளாக இருப்பது அந்த ஒரே மூலக்கூறுதான். அங்கே ஆக்கியவர் யார்? அதைத் தனியாகக் குப்பியில் அடைக்கலாம் என்று துணிந்தவரா, மூலக்கூறை உருவாக்கியவர்களா? மூலக்கூறுக்குக் காப்புரிமைப் பத்திரம் உண்டு, அதில் கண்டுபிடித்தவரின் பெயர் இருக்கும், யாரும் தேடிப் படிக்கலாம். கலவைக்கு அந்த வசதிகூட இல்லை.

கிரீட் பற்றி ஒன்று. 1985இன் ‘கிரீன் ஐரிஷ் ட்வீட்’, 1988இன் டேவிடாஃப் ‘கூல் வாட்டர்’ இரண்டையும் தாளில் தெளித்து அருகருகே முகர்ந்தவர் எவருக்கும் உறவு தெரியும். டைஹைட்ரோமிர்செனால் என்ற பொருள் இரண்டிலும் முன்னால் நிற்கிறது. இரண்டாவது பியேர் பூர்தோனின் படைப்பு என்பது பதிவு. முதலாவதிலும் அவருடைய கை இருந்தது என்பது தொழிலுக்குள் நெடுங்காலமாகப் பேசப்பட்டுப் பின்னர் அச்சிலும் வந்த செய்தி. என் கருவி பொருள்களைக் காட்டும், கையெழுத்தைக் காட்டாது. ஆனால் மூன்று ஆண்டு இடைவெளியில் இரண்டு பேர் தனித்தனியே அங்கு வந்து சேர்ந்தார்கள் என்று நம்புவதற்கு எனக்குக் கூடுதல் சான்று வேண்டியிருக்கும்.

தாழை

இங்கு எல்லோரும் கோபமாக இருப்பதால் எதிர்ப்பக்கத்தை நானே எடுத்துக்கொள்கிறேன். வாசனை வாங்குபவர் ஒரு திரவத்தை மட்டும் வாங்குவதில்லை. ஒரு கற்பனையையும் சேர்த்தே வாங்குகிறார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அதைப் பூசிக்கொண்டாரா இல்லையா என்பதால் என் மணிக்கட்டில் இருக்கும் வாசனை மாறிவிடுவதில்லை. பெயர் வேண்டாம் என்று பெர்ஃப்யூமர்களே ஒப்புக்கொண்டு சம்பளம் வாங்கியிருக்கும்போது, அவர்கள் சார்பாக நாம் வழக்காடுவது ஏன்? பிறருக்கு உரை எழுதிக் கொடுத்துக் கூலி பெறுபவர்கள் எல்லாத் துறைகளிலும் உண்டு.

சட்டம் படித்தவள்

தாழையின் கேள்வி நியாயமானது, ஆனால் அந்த ஒப்புதல் எந்த நிலையில் கொடுக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பிரெஞ்சுச் சட்டத்தில் ஒரு படைப்பின் ஆசிரியருக்குத் தன் பெயர் குறிப்பிடப்படும் உரிமை உண்டு. அதை விற்கவும் முடியாது, விட்டுக்கொடுக்கவும் முடியாது. ஒரு வாசனை ‘படைப்பு’ என்று ஏற்கப்பட்டால் அதன் பின் ஒப்பந்தத்தில் எதை எழுதி வாங்கினாலும் பெயரை அழிக்க முடியாது. ஆகவே வாசனை ‘படைப்பு’தானா என்ற கேள்வியில்தான் எல்லாம் தொங்குகிறது.

2006ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று பிரான்சின் உச்ச முறையீட்டு நீதிமன்றம் அதற்கு இல்லை என்று விடை சொன்னது. வழக்குத் தொடுத்தவர் தம்மைப் பணிநீக்கம் செய்த வாசனைக் கலவை நிறுவனத்திடம் ஆசிரியருக்குரிய பங்கைக் கோரிய ஒரு பெர்ஃப்யூமர். வாசனை வெறும் செய்திறனின் விளைவு, எனவே அது பாதுகாப்புக்குரிய வெளிப்பாட்டு வடிவம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். வியப்பு என்னவென்றால், அதற்கு மூன்றே நாள் கழித்து, ஜூன் 16 அன்று, நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் நேரெதிராகத் தீர்ப்பளித்தது: லாங்கோம் என்ற அழகுசாதன நிறுவனத்தின் ‘ட்ரெஸோர்’ வாசனை பதிப்புரிமைக்கு உரிய படைப்புத்தான், கெகோஃபா என்ற நிறுவனத்தின் மலிவு விலை நகல் அதை மீறியது என்று.

இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். வாசனையை உருவாக்கியவர் கேட்டபோது அது படைப்பு அல்ல. பெருநிறுவனம் நகலெடுத்தவர் மீது வழக்குப் போட்டபோது அது படைப்பு. நாடுகள் வேறு, சட்டங்கள் வேறு, நான் வேண்டுமென்றே சற்று மிகைப்படுத்துகிறேன். இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். ‘ட்ரெஸோர்’ 1990இல் சோஃபியா குரோஜ்ஸ்மன் உருவாக்கியது; அவர் ஐஎஃப்எஃப் நிறுவனத்தின் பெர்ஃப்யூமர். வாசனைக்குப் பதிப்புரிமை உண்டு என்று சொன்ன அந்த அரிய தீர்ப்பிலும் உரிமையோடு வெளியே வந்தது லாங்கோம்தான். 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு பாலாடைக்கட்டியின் சுவை பற்றிய வழக்கில், போதிய துல்லியத்தோடு வரையறுக்க முடியாத ஒன்றுக்குப் பதிப்புரிமை இல்லை என்று சொன்ன பிறகு, வாசனைக்கும் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியாகிவிட்டது.

மிச்சமிருப்பது வணிக ரகசியம். ரகசியம் என்ற முறையில் பாதுகாக்கப்படும் பொருளுக்கு ஆசிரியர் பெயர் என்ற பேச்சே எழாது. அழகுசாதனப் பொருள்களுக்கான ஐரோப்பிய விதிமுறை 1223/2009 குப்பியில் ஒரு பெயரையும் முகவரியையும் கேட்கிறது. அது சந்தையில் பொருளுக்குப் பொறுப்பேற்பவருக்குரியது. கலவை முழுவதையும் ‘பார்ஃபம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட அனுமதிக்கிறது. குறிப்பிட்ட ஒவ்வாமைப் பொருள்களை மட்டும் தனியாக எழுத வேண்டும். லினலூல் என்ற ஒவ்வாமைப் பொருளுக்குப் பெட்டியில் கட்டாய இடம் உண்டு. அதை எவ்வளவு சேர்ப்பது என்று முடிவெடுத்தவருக்குக் கிடையாது.

நாசிகை

சட்டம் படித்தவளுக்கு நன்றி. அந்த மூன்று நாள் இடைவெளி எனக்குத் தெரியாத செய்தி.

தாழை சொல்லும் கற்பனையை நான் மறுக்கவில்லை. ‘பழைய காலத்து அரசவையை நினைத்து உருவாக்கப்பட்டது’ என்று எழுதினால் அது கற்பனை. ‘இந்த மன்னருக்கு, இந்த ஆண்டில் எங்கள் முன்னோர் செய்து கொடுத்தார்’ என்றால் அது சான்று கேட்கத்தக்க வரலாற்றுக் கூற்று. இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை வாங்குபவர் அழிக்கவில்லை, விற்பவர்தான் அழிக்கிறார். பிறருக்கு உரை எழுதித் தருபவரோடு ஒப்பிடுவதும் முழுதாகப் பொருந்தாது. தன் பெயரில் உரையாற்றும் தலைவர் அந்த உரைக்குப் பின்னர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பெயர் போட்டால் மாயம் கலைந்துவிடும் என்ற வாதத்துக்கும் நடைமுறையிலேயே மறுப்பு இருக்கிறது. 2000இல் ஃப்ரெடெரிக் மால் தன் நிறுவனத்தைத் தொடங்கியபோது ஒவ்வொரு குப்பியிலும் பெர்ஃப்யூமரின் பெயரை அச்சிட்டார். டொமினிக் ரோபியோன், மோரிஸ் ரூசெல், ஜான்-க்ளோத் எலெனா என்று அதுவரை தொழிலுக்குள் மட்டும் அறியப்பட்டிருந்த பெயர்கள் கடைக்கு வந்தன. ரூட்னிட்ஸ்கா தன் மனைவிக்காக உருவாக்கி வைத்திருந்த வாசனையும் அவர் மறைவுக்குப் பின் அங்கேதான் அவர் பெயரோடு வெளிவந்தது. வாசகர் தேடிப் படிக்கும் எழுத்தாளர்களைப் போல வாங்குபவர்கள் பெர்ஃப்யூமர்களைத் தேடத் தொடங்கினார்கள். விலை குறையவில்லை, கடைசியில் அந்த நிறுவனத்தையும் எஸ்டே லாடர் குழுமம் வாங்கியது.

இதற்கு முந்தைய தலைமுறையை நினைத்தால்தான் வருத்தம். ஜெர்மேன் செல்லியே ரூர் என்ற வாசனைக் கலவை நிறுவனத்தில் பெர்ஃப்யூமராக வேலை பார்த்தவர், அன்று ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த தொழிலில். 1944இன் ‘பாண்டி’, 1948இன் ‘ஃப்ராகா’ இரண்டும் அவருடையவை. குப்பியில் இருந்தது ஆடை வடிவமைப்பாளர் ரொபேர் பிகேயின் பெயர். இன்று ஆர்வலர்கள் எல்லோரும் செல்லியே என்றே சொல்கிறார்கள். ஆனால் அவர் உயிரோடு இருந்த காலத்தில் ‘ஃப்ராகா’ பூசிக்கொண்டு வெளியே போன பெண்களில் எத்தனை பேருக்கு அதைச் செய்தவரும் ஒரு பெண் என்று தெரிந்திருக்கும்?

தாழை

சரி, வரலாற்றுக் கூற்றுக்குச் சான்று வேண்டும் என்பதை ஏற்கிறேன். அப்படியானால் பெட்டியில் என்னதான் எழுத வேண்டும் என்கிறீர்கள்? ஆய்வகத்தான் சொன்னபடி மதிப்பீட்டாளர், உதவியாளர், வேதியியலாளர் எல்லோரையும் போட்டால் திரைப்படத்தின் இறுதியில் ஓடும் பட்டியலாகிவிடும்.

பழங்குப்பி

அவ்வளவு வேண்டாம். கலவையை எழுதிய பெர்ஃப்யூமர் அல்லது பெர்ஃப்யூமர்கள், எண்ணெயைத் தயாரித்த நிறுவனம், இந்த வடிவம் உருவான ஆண்டு ஆகியவை போதும். மூன்றாவது இருந்தால் முகப்பில் இருக்கும் பழைய ஆண்டின் வேலை பாதி குறைந்துவிடும். லண்டனின் கிராஸ்மித் 1835இல் தொடங்கிய நிறுவனம். வழித்தோன்றல்கள் பெயரை மீட்டு, குடும்பத்தில் தங்கியிருந்த பழைய ஃபார்முலா ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டு 2009இல் மீண்டும் வெளியிட்டார்கள். ஏடு இருப்பவர்களுக்கு ‘1891இன் குறிப்பு, 2009இன் மறுவார்ப்பு’ என்று எழுதுவதில் இழப்பு எதுவும் இல்லை. எழுதத் தயங்குபவர்களிடம் ஏடு இல்லை என்று நாம் எடுத்துக்கொள்ளலாம்.

வெர்சாய் நகரில் 1990இல் தொடங்கிய ஒஸ்மொதெக் என்ற வாசனைக் காப்பகம் இதைத்தான் செய்கிறது. மறைந்துபோன வாசனைகளைக் கிடைத்த ஃபார்முலாவின்படி மீண்டும் கலந்து, ஆர்கான் வாயுவின் கீழ்க் குளிரில் வைத்திருக்கிறார்கள். எது எவருடையது, எந்த ஆண்டு என்ற பதிவோடு. ஊபிகான் நிறுவனத்துக்காக 1882இல் போல் பார்க்கே உருவாக்கிய ‘ஃபுஜேர் ரோயால்’ அங்கே இருக்கிறது. கடையில் அதே பெயரில் கிடைப்பது 2010இன் வடிவம்.

ஆய்வகத்தான்

பழங்குப்பி கேட்கும் மூன்றாவது வரிதான் எல்லாவற்றிலும் கடினமானது, ஏனென்றால் ‘இந்த வடிவம்’ என்பது நிலையாக நிற்பதில்லை. ஓக் மரப்பாசியில் இயல்பாக இருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டையும் ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை செய்து, கடைகளிலிருந்து அகற்ற 2021 வரை அவகாசம் கொடுத்தது. பாசி சேர்ந்த பழைய வாசனைகளில் அந்தப் பகுதியைத் திருத்த வேண்டியதாயிற்று. ஐஎஃப்ஆர்ஏ என்ற தொழிற்துறை அமைப்பின் வரம்புகள் மாறும்போதெல்லாம் இதே வேலை இன்னொரு முறை நடக்கிறது. ஒரு மூலப்பொருள் விலை ஏறினாலும், ஒரு பயிர் பொய்த்தாலும் நடக்கிறது.

அந்தத் திருத்தத்தைச் செய்பவர் பெரும்பாலும் முதலில் உருவாக்கியவர் அல்லர். முதல்வர் இறந்திருப்பார், அல்லது வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். இன்னொருவர் உட்கார்ந்து, எடுக்கப்பட்ட பொருளின் இடத்தை ஐந்தாறு பொருள்களால் நிரப்பி, யாருக்கும் வேறுபாடு தெரியாதபடி முடிக்கப் பார்க்கிறார். அவர் வெற்றி பெற்றால் அப்படி ஒரு வேலை நடந்ததே வெளியே தெரியாது. தோற்றால் இந்தக் குழுமத்திலேயே ‘கெடுத்துவிட்டார்கள்’ என்று நாம் இழை தொடங்குகிறோம். முதல் ஆக்கியவர்களின் பெயர்களையாவது 2000க்குப் பிறகு பத்திரிகைகள் கேட்டு வாங்கி அச்சிடுகின்றன. மறுவார்ப்புச் செய்தவர் யார் என்று எந்த நிறுவனமாவது தானாக முன்வந்து அறிவித்ததை இங்கே யாரேனும் பார்த்திருந்தால் பெயரோடும் ஆண்டோடும் எழுதுங்கள். பட்டியலை நான் தொகுக்கிறேன்.